மங்கில் உறைந்த பாலும் கார்ப்பரேட்டரில் உறைந்த எண்ணெயும்

கேள்வி: மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மோட்டார் ஹோண்டா இஎக்ஸ்5, பழைய கார்ப்பரேட்டர் மாடல். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பா அதை எடுப்பதில்லை. நான்கு மாதமாகத் தகரக் கொட்டகையில் நின்றது. போன வாரம் தம்பி உதைத்துப் பார்த்தான். சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. எண்ணெயை (ஆக்சிலேட்டரை) முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், கையை விட்டால் செத்துவிடும். ஒரு கடையில் கேட்டதற்கு, கார்ப்பரேட்டர் சுத்தம் செய்யும் மருந்து என்று ஒரு போத்தல் கொடுத்தார்கள். 300 மில்லிலிட்டர், 28 வெள்ளி. முழுப் போத்தலையும் டாங்கியில் ஊற்றிவிட்டோம். மூன்று நாளாகியும் மாற்றமில்லை. இன்னொரு போத்தல் ஊற்றலாமா? பக்கத்து வீட்டு மாமா இரண்டு அந்துருண்டையைப் போட்டால் போதும் என்கிறார். வேறோர் ஒர்க்‌ஷாப்பில் கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு அந்த மோட்டாரை விற்க மனம் இல்லை. எது சரி? இனிமேல் மாதாமாதம் மருந்து ஊற்றி வந்தால் இந்தத் தொல்லை வராமல் இருக்குமா?

பதில்: டீச்சர், இன்னொரு போத்தல் வேண்டாம். அந்துருண்டை கூடவே கூடாது. கார்ப்பரேட்டரை மாற்றவும் இப்போதைக்கு அவசியம் இல்லை. 28 வெள்ளி போனது போனதுதான். அதற்காக வருத்தப்படாதீர்கள். என் கடைக்கு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களில் பலர் முதலில் அந்தப் போத்தலை வாங்கி ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

அப்பா பால் வெட்டியவர் என்பதால் அவர் மொழியிலேயே சொல்கிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மிச்சத்தை அவரே உங்களுக்கு விளக்கிவிடுவார். விடியற்காலையில் மரத்தில் கோடு போட்டால் மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் இறங்கும். அதை நேரத்தோடு எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோகாவிட்டால் தானாகவே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். உறையக் கூடாது என்றால், பால் பாலாக இருக்கும்போதே அமோனியா சேர்க்க வேண்டும். சேர்த்தால் தண்ணீர் மாதிரி நிற்கும். ஆனால் உறைந்து போன கட்டியின் மேல் ஒரு வாளி அமோனியாவைக் கொண்டுவந்து ஊற்றினாலும் அது திரும்பப் பாலாகாது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். என் அம்மாவும் வெட்டுக்குப் போனவர். கட்டிப்பாலைப் பிய்த்துச் சாக்கில் போடும் வேலையைச் சின்ன வயதில் நானும் செய்திருக்கிறேன். அந்த வாடை நகத்தை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும்.

உங்கள் கார்ப்பரேட்டருக்குள் நடந்ததும் இதே கதைதான்.

கார்ப்பரேட்டரின் அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. டாங்கியிலிருந்து இறங்கும் பெட்ரோல் முதலில் அதில் வந்து நிற்கும். உள்ளே மிதவை உண்டு. கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்குமே, அதுபோல. கிண்ணம் நிறைந்ததும் மிதவை எழும்பி வழியை மூடிக்கொள்ளும். அந்தக் கிண்ணத்துப் பெட்ரோலுக்குள் இரண்டு பித்தளை ஜெட்டுகள் முங்கியபடி இருக்கும். பெரியது மெயின் ஜெட். எண்ணெயை நன்றாக முறுக்கும்போது அதன் வழியாகப் பெட்ரோல் போகும். சின்னது பைலட் ஜெட். வண்டி நின்ற இடத்தில் மெதுவாக ஓடிக்கொண்டிருக்க அதுதான் தீனி போடுகிறது. இந்தச் சின்ன ஜெட்டின் துளை, இஎக்ஸ்5 போன்ற கப்சாய் என்னும் சின்ன மோட்டார்களில், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. நாலைந்து தலைமுடியைச் சேர்த்துப் பிடித்தால் வரும் தடிமன்தான்.

பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி ஒரே பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. பலநூறு வகை எண்ணெய்கள் கலந்தது அது. அதில் இலேசானவை முதலில் ஆவியாகிப் பறந்துவிடும். காலையில் குளிர்ந்த என்ஜினைச் சட்டென்று பிடிக்க வைப்பவை அவைதான். மிஞ்சியதில் ஒரு பகுதி காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து பிசுபிசுப்பாக மாறும். முதலில் மஞ்சள், பிறகு தேன் நிறம், பிறகு அடியில் ஒட்டிய வார்னிஷ். டாங்கியில் மூடி இருக்கிறது, பெட்ரோலும் நிறைய இருக்கிறது. அங்கே இது மெதுவாக நடக்கும். கார்ப்பரேட்டர் கிண்ணத்திலோ இருப்பது சில கரண்டிதான். காற்று போய்வர அதற்குத் தனித் துவாரமும் உண்டு. அதோடு நம் ஊர் வெயில், மேலே தகரக் கூரை. நான்கு மாதம் என்பது தாராளமான அவகாசம்.

உங்கள் கடிதத்திலேயே நோய் எழுதியிருக்கிறது. எண்ணெயை முறுக்கிப் பிடித்தால் ஓடுகிறது என்றால் மெயின் ஜெட் திறந்துதான் இருக்கிறது. கையை விட்டால் நிற்கிறது என்றால் பைலட் வழி அடைத்திருக்கிறது. சோக் போட்டால் ஓடுவது ஏன்? சோக் காற்றைக் குறைக்கும். காற்று குறைந்தால் உறிஞ்சும் வேகம் கூடும். மற்ற வழியாகவாவது பெட்ரோலை இழுத்து வண்டி சமாளித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் கெட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தில் மட்டும் அடம்பிடிக்காது.

இப்போது மருந்துக்கு வருவோம். அது டாங்கியில் பெட்ரோலோடு கலந்து, பெட்ரோல் போகும் வழியில்தான் போகும். பைலட் ஜெட்டுக்குள் பெட்ரோலே போகவில்லை என்றால் மருந்து எப்படிப் போகும்? அடைப்புக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஓடுகிற வழியை அது சுத்தமாக வைத்திருக்கும்; மெல்லிய படலம் படிந்திருந்தால் ஓட ஓடக் கரைக்கும். பாதி அடைத்த ஜெட் ஓரிரு டாங்கி ஓடிய பிறகு திறந்துகொண்டதை நானே பார்த்திருக்கிறேன். முழுதாக மூடிய ஜெட்டை மருந்து திறந்து நான் பார்த்ததில்லை.

போத்தல்களை எல்லாம் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். லேபிளைப் படித்து வாங்க வேண்டும். நல்ல சுத்திகரிப்பு மருந்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று பாலிஈத்தர் அமீன், சுருக்கமாக பிஇஏ. கால்டெக்ஸின் டெக்ரான் அந்த வகை. வால்வு, இன்ஜெக்டர் மட்டுமல்லாமல் எரியும் அறைக்குள் படிந்த கரியையும் அது எடுக்கும். இன்னொன்று பாலிஐசோபியூட்டிலீன் அமீன். கார்ப்பரேட்டருக்கும் இன்டேக் வால்வுக்கும் அது நல்லது. எரியும் அறையில் அதற்குப் பெரிய வேலை இல்லை. லேபிளில் இந்த இரண்டு பெயரும் இல்லாமல், பெட்ரோலியக் கரைப்பான் என்று மட்டும் போட்டிருந்தால், அது பெரும்பாலும் மண்ணெண்ணெய்க்கு உறவுக்காரன். அதற்கு 28 வெள்ளி கொடுக்க நான் தயாரில்லை.

மூன்றாவதாக ஸ்டெபிலைசர் என்று ஒரு வகை இருக்கிறது. அதுதான் அமோனியாவுக்கு நேர் உறவு. புதுப் பெட்ரோலில் முதலிலேயே கலந்துவிட்டால் அது காற்றோடு சேர்ந்து கெட்டிப்படுவதைத் தள்ளிப்போடும். வண்டியை நிறுத்தப் போகிறோம் என்று தெரிந்தால் ஊற்ற வேண்டியது இது. நிறுத்தி நான்கு மாதம் கழித்து ஊற்றினால் பிரயோசனம் இல்லை.

முழுப் போத்தலையும் ஊற்றினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர் நீங்கள், கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கடைகளில் விற்கும் 300 மில்லிலிட்டர் போத்தல் பொதுவாகக் காருக்கு, ஐம்பது லிட்டர் பெட்ரோலுக்கு என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 மில்லிலிட்டர். உங்கள் மோட்டாரின் டாங்கி சின்னது. மூன்றரை லிட்டர் என்றால் 21 மில்லிலிட்டர், இருமல் மருந்து மூடியால் இரண்டு மூடி. நீங்கள் ஊற்றியது அதைப் போல் பதினான்கு மடங்கு. பயப்பட வேண்டாம், என்ஜின் வெடித்துவிடாது. ஆனால் அந்த அளவில் அது சரியாக எரியாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கிக் கறுப்பு எண்ணெயில் (என்ஜின் ஆயிலில்) கலக்கும். பழைய ரப்பர் வளையங்கள் ஊறிப் பெருக்கும். இதைவிடத் தொல்லை, டாங்கியின் அடியில் பல வருடமாகச் சும்மா கிடந்த துருவையும் அழுக்கையும் கிளப்பிவிட்டுக் கார்ப்பரேட்டருக்கே அனுப்பும்.

ஆகவே டாங்கியில் இருப்பதை முழுக்க இறக்குங்கள். சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள பெட்ரோல் டின்னில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் சங்கிலி, ஸ்ப்ராக்கெட் கழுவ வைத்துக்கொள்வார்கள். தண்ணீர்ப் போத்தலில் மட்டும் பிடித்து வைக்க வேண்டாம். தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடும் கதை எந்தத் தோட்டத்திலும் ஒன்று இருக்கும். பிறகு புது ரோன்95 பெட்ரோல் ஒன்றரை லிட்டர் போதும். வண்டி சரியாகி ஓடத் தொடங்கியதும் கறுப்பு எண்ணெயையும் ஒரு தரம் மாற்றிவிடுங்கள். ரோன்97 ஊற்றினால் சுத்தமாக இருக்குமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று தெரியும். அந்த எண் என்ஜினில் தட்டல் சத்தம் வராமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்வது. சுத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இஎக்ஸ்5க்கு 95 தாராளம்.

அந்துருண்டை விஷயத்தில் பக்கத்து வீட்டு மாமாவைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் இளவட்டமாக இருந்தபோது எல்லாத் தோட்டத்திலும் இது நடந்தது. மலாய்க்கார நண்பர்களும் உபாட் கெகாட் (அந்துருண்டை) போட்டால் வண்டி பறக்கும் என்பார்கள். அந்தக் காலத்து உருண்டை நாப்தலீன். அது பெட்ரோலில் கரையும், எரியவும் எரியும். ஆனால் கிண்ணத்தில் பெட்ரோல் வற்றினால் நாப்தலீன் மறுபடி படிகமாகி, சீனி மாதிரி ஜெட்டில் உட்காரும். நிறுத்தி வைத்த வண்டிக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. இப்போது கடைகளில் கிடைப்பதில் நிறைய உருண்டைகள் நாப்தலீனே கிடையாது. பாராடைகுளோரோபென்சீன் என்ற வேறு பொருள். அதில் குளோரின் இருக்கிறது. என்ஜினில் எரிந்தால் அமிலம் உண்டாகும். வால்வையும் சைலன்சரையும் உள்ளிருந்தே அரிக்கும். உருண்டை அலமாரியிலேயே இருக்கட்டும். பழைய சேலைகளுக்கு அது வேண்டும்.

கார்ப்பரேட்டரை மாற்றச் சொன்னவர் சோம்பலில் சொல்லியிருக்கலாம், அல்லது கழற்றிக் கழுவும் நேரத்தில் இரண்டு வண்டிக்கு டயர் மாற்றிவிடலாம் என்ற கணக்கில் சொல்லியிருக்கலாம். நானும் கடை நடத்துகிறவன், அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் அப்பா வண்டியில் கம்பெனியிலிருந்து வந்த கெய்ஹின் கார்ப்பரேட்டர் இருந்தால் அதைத் தூக்கிப் போடுவது பாவம். மலிவாகக் கிடைக்கும் நகல் கார்ப்பரேட்டர்கள் பார்க்க அச்சு அசலாக இருக்கும். உள்ளே ஜெட் அளவு ஒன்று கிடக்க ஒன்று இருக்கும். ஒரு முறை மாற்றிவிட்டால் பிறகு எண்ணெய் குடிக்கிறது, பிளக் கறுக்கிறது, இழுக்கவில்லை என்று வருடம் முழுக்க அதன் பின்னால் அலைய வேண்டும். கார்ப்பரேட்டர் உடம்பு வெடித்திருந்தால், ஸ்லைடு ஓடும் இடம் தேய்ந்து ஆடினால், உள்ளே தண்ணீர் நின்று வெள்ளையாகப் பூத்து அரித்துப் போயிருந்தால் மாற்றலாம். நான்கு மாதத்தில் அதெல்லாம் நடந்திருக்காது.

செய்ய வேண்டிய வேலை கழற்றிக் கழுவுவது. என் கடையில் இதற்குக் கூலி 30 வெள்ளி வாங்குகிறேன், கேஸ்கெட் மாற்றினால் அது தனி. உங்கள் தம்பிக்குக் கை வேலை வருமானால் வீட்டிலேயே செய்யலாம். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார் என்று நினைக்கிறேன்.

திறந்த வெளியில் செய்யுங்கள். சாமி விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போய்ச் சமையல்கட்டு அடுப்பைத் தேடிப் பிடிக்கும்.

கழற்றுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. கிண்ணத்தின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். அதை இளக்கி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் பாதரசம் போல் தண்ணீர் மணி உருள்கிறதா? அப்படியானால் டாங்கியில் தண்ணீர் இருக்கிறது. மழையில் நின்றபோதோ, பைப் வைத்துப் பீய்ச்சிக் கழுவியபோதோ டாங்கி மூடியின் ரப்பர் வெடிப்பு வழியாக இறங்கியிருக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், எப்போதும் அடியில்தான் போய் நிற்கும். சிவப்புத் தூள் இருந்தால் அது டாங்கித் துரு. தேன் நிறமும் பெயின்ட் வாடையும் வந்தால் நான் மேலே சொன்ன பிசின். பெரும்பாலும் உங்களுக்கு இது மூன்றாவதுதான்.

கிண்ணத்தைப் பிடித்திருக்கும் திருகுகள் கூட்டல் குறி போட்டவை. இங்கேதான் நிறையப் பேர் கெடுக்கிறார்கள். அவை ஜப்பான் அளவுத் திருகுகள். சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரைப் போட்டு அழுத்தினால் வழுக்கித் தலை மழுங்கிவிடும். பிறகு ஆணியும் சுத்தியலும்தான். ஜேஐஎஸ் என்று கேட்டு வாங்கினால் கிடைக்கும். இல்லாவிட்டால் பொருத்தமானது கிடைக்கும்வரை கை வைக்காதீர்கள்.

பைலட் ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் நடுவில் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். உங்களுடையதில் ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறேன். ஊசியோ, கம்பியோ, பிரேக் கேபிள் இழையோ விடக் கூடாது. பித்தளை மெது. ஒரு கீறல் விழுந்தாலே துளை பெரிதாகிவிடும். அந்த வண்டி அப்புறம் எப்போதும் அதிகமாகக் குடிக்கும். கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய தூண்டில் நைலான் நரம்பை விட்டு எடுத்து, காற்றுப் பம்பால் ஊதுங்கள். மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். அது மட்டும் போதாது. ஜெட்டுக்கு மேலே கார்ப்பரேட்டர் உடம்புக்குள்ளும் அந்த வழி போகிறது. ஸ்ப்ரேயின் குழாயை ஜெட் இருந்த ஓட்டையில் வைத்து அடித்தால், காற்று போகும் குழலின் ஓரத்தில் இருக்கும் குட்டி ஓட்டையில் பீறிட வேண்டும். அப்படி அடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தொழில் பழகிய காலத்தில் ஒரு தரம் எனக்கு நேரே கண்ணில் திரும்பி அடித்தது. தவுக்கே (கடை முதலாளி) என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய்க் கால் மணி நேரம் தலையைக் குனிய வைத்துத் தண்ணீர் ஊற்றினார். அன்று முழுக்க உலகம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

இந்த ஸ்ப்ரேயும் டாங்கியில் ஊற்றும் மருந்தும் வேறு வேறு. ஸ்ப்ரே கடுமையானது. ரப்பர் வளையம், மிதவை, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்த பிறகே அடிக்க வேண்டும்.

பக்கவாட்டில் ஸ்பிரிங் போட்ட திருகு ஒன்று இருக்கும். அதை எடுப்பதற்கு முன், மெதுவாக உள்ளே முட்டும் வரை திருகி எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரில் சாக்குக்கட்டியால் எழுதிவையுங்கள். ஒன்றரைச் சுற்றோ இரண்டோ வரும். மாட்டும்போது அதே எண்ணுக்கு வரட்டும். முட்டிய பிறகும் இறுக்கினால் முனை உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்போது கார்ப்பரேட்டர் மாற்றச் சொன்னவர் சொன்னது உண்மையாகிவிடும்.

இவ்வளவும் செய்து, புதுப் பெட்ரோலும் ஊற்றி, அப்போதும் நின்ற இடத்தில் நிற்கிறது என்றால் கார்ப்பரேட்டரை விட்டுவிட்டு வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஹோண்டாக்களில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர். நாள்பட ஓடிய வண்டியில் அது இறுகிப் போய், நோய் அச்சு அசல் கார்ப்பரேட்டர் அடைப்பு மாதிரியே தெரியும். காற்று ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். செம்பனை லாரி ஓடும் செம்மண் சாலையில் போய்வந்த வண்டிகளில் ஃபில்டரைத் தட்டினால் ஒரு கைப்பிடி மண் விழும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகமாகி பிளக் கறுக்கும். உடனே கார்ப்பரேட்டரில் அழுக்கு என்று சொல்லி ஒரு போத்தலை விற்றுவிடுவார்கள். தோட்டப் பக்கம் ஓடும் வண்டிக்கு நான் மருந்தைவிட முதலில் பார்ப்பது ஃபில்டரைத்தான்.

மாதாமாதம் மருந்து ஊற்ற வேண்டுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தினமும் ஓடும் வண்டிக்கு வேண்டாம். நம் நாட்டில் பெரிய எண்ணெய் நிலையங்களில் விற்கும் பெட்ரோலிலேயே சுத்திகரிப்பு மருந்து கலந்துதான் வருகிறது. தினம் வேலைக்குப் போய் வரும் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் உறைய நேரமே கிடையாது. தமிழ்நாட்டு யூடியூப் மெக்கானிக்குகள் எத்தனால், தண்ணீர், ரப்பர் ஊறல் என்று பயமுறுத்துவதை நம் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்கிறார்கள். அங்கே பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கிறார்கள், அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. இங்கே பாமாயில் கலப்பது டீசலில்தான். பெட்ரோலில் அந்தக் கதை இல்லை. மோட்டாரில் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போய் அங்கே கேசோஹால் (எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும், வந்ததும் அதைத் தீர்த்துவிட்டு இங்கத்திப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்வது நல்லது.

உங்கள் வண்டி தினமும் ஓடப் போவதில்லை. அதனால் உங்களுக்கு வேறு பழக்கம் வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை தம்பி அதைப் பட்டணம் வரை ஓட்டிப் போய்ப் பசியாறிவிட்டுத் திரும்பட்டும். கொட்டகையிலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்தினால் என்ஜின் சூடேறாது, சைலன்சரில் தண்ணீர்தான் சேரும். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது என்று தெரிந்தால், வடிகால் திருகைத் திறந்து கிண்ணத்தைக் காலியாக்கிவிடுங்கள். பெட்ரோலை மூடும் பிடி உங்கள் வண்டியில் இருந்தால் முதலில் அதை மூடுங்கள். இல்லாவிட்டால் குழாயை ஒரு கிளிப்பால் நெருக்கிக்கொள்ளலாம். கிண்ணத்தில் பெட்ரோல் இல்லையென்றால் உறைய ஒன்றும் இல்லை. இந்த இரண்டு நிமிட வேலை எந்தப் போத்தலையும்விட நல்லது என்பது என் முடிவு. டாங்கியை மட்டும் காலியாக வைக்காதீர்கள். காலியாக இருந்தால் உள்ளே காற்றின் ஈரம் வேர்த்துத் துருப்பிடிக்கும். நிரப்பி, அந்தப் புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசரை லேபிளில் சொன்ன அளவுக்கு ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் பிறகு கிண்ணத்தை இறக்கினால் இன்னும் நல்லது. மருந்துக்குச் செலவழிக்க ஆசை இருந்தால் அதற்குச் செலவழியுங்கள்.

கூடவே டாங்கிக்கும் கார்ப்பரேட்டருக்கும் நடுவில் கண்ணாடி போன்ற சின்ன பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சில வெள்ளிதான். நீங்கள் ஊற்றிய மருந்து கிளப்பிவிட்ட துரு இன்னும் கொஞ்ச நாளைக்கு வந்துகொண்டிருக்கும். ஃபில்டர் சிவக்கிறதா என்று தம்பி பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கிண்ணத்து கேஸ்கெட் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இஎக்ஸ்5 1987லிருந்து நம் நாட்டில் ஓடுகிறது, நடுவில் எத்தனையோ மாற்றம் வந்துவிட்டது. பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் இரண்டு தரம் கடைக்கு அலைய வேண்டியிருக்கும்.